தூரியன் பூவுக்கு வந்த இரண்டு விருந்தாளிகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாரே, முதல் மாதத்திலேயே உங்கள் கைக்கு ஒரு ரப்பர் முத்திரை வந்துவிடும். விவசாயப் போதனாசிரியர் என்று அதில் இருக்கும். அதைக் கடிதத்தில் குத்தும்போது மனதுக்குள் ஒரு மிதப்பு வரும். எனக்கும் வந்தது. அந்த மிதப்பில் நான் குத்திய ஒரு முத்திரை, ஒரு குகை நிறைய இருந்த உயிர்களைக் கொல்லப் பார்த்தது. ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பையும் ஒரு வருடம் தள்ளிப்போட்டது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் துள்ளிக் குதித்துத் திரிந்த மூன்று வாரங்கள் அந்தத் தப்பிலிருந்துதான் தொடங்கின.

லுணுகலையைத் தாண்டி கீழ்நாட்டுப் பக்கம் இறங்குகிற சரிவில் ஒரு தோட்டம். தேயிலை செத்துப்போய் மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டை, தொழிலாளர் லயத்தில் இருந்த பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து எடுத்துப் பயிர் வைத்தார்கள். மேலே பப்பாசி, நடுவில் வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கீழே ஓடைக்கரையில், யாரோ ஒரு பழைய துரை வைத்துவிட்டுப் போன, பலாபோல முள்பழம் காய்க்கும் ஒன்பது தூரியன் மரங்கள். அந்தப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் தலைவி பாக்கியம் அக்கா. இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், பேச்சு குறைவு, கண் கூர்மை. தூரியன் மரங்களைப் பார்த்துக்கொண்டவர் சண்முகம் அண்ணன். ஃபெக்டரி வேலையை விட்டுவிட்டு இந்த மரங்களை நம்பி வந்தவர்.

ஒரு பூக்காலத்தில் சண்முகம் அண்ணன் என்னை அழைத்துப்போய் மரத்தடியைக் காட்டினார். நிலம் தெரியாத அளவுக்கு வெள்ளையாகப் பூவிதழ் கொட்டிக் கிடந்தது.

"பாருங்க மிஸ். அந்தியில வவ்வா கூட்டமா வந்து விழுது. காலையில பாத்தா இப்படிக் கெடக்கு. பூவையெல்லாம் பிச்சுப் போட்டுருது."

அப்போது நேரம் காலை பதினொரு மணி. எனக்குப் பதுளைக்குத் திரும்பும் பஸ் பன்னிரண்டுக்கு. நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், தலையாட்டினேன். அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எழுதினேன்: "தூரியன் பூக்களுக்கு வௌவால்களால் சேதம் ஏற்படுகிறது. வெளிச்சம், சத்தம் போன்றவற்றால் அவற்றைக் கட்டுப்படுத்தத் தகுந்த நடவடிக்கை எடுக்கவும்." முத்திரையைக் குத்தினேன். பஸ்ஸையும் பிடித்துவிட்டேன்.

அவர்கள் நான் சொன்னதை அப்படியே செய்தார்கள். மரத்துக்கு மரம் வயர் இழுத்து பல்பு மாட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் ஆளுக்கொரு தகரத்தை எடுத்து அடித்தார்கள். பூக்காலம் முடியும்வரை ஒருநாளும் விடவில்லை. அந்த வருடம் தூரியன் காய்க்கவே இல்லை என்று சொல்லலாம். மழை சரியில்லை என்று நான் அறிக்கையில் எழுதினேன். அதையும் நான் பார்த்து எழுதவில்லை.

அடுத்த வருடம் மறுபடி பூ வந்தது. ஒரு வியாழக்கிழமை பாக்கியம் அக்காவிடமிருந்து போன்.

"மிஸ், நாளைக்கு அந்தியில வவ்வா தங்குற கொகைக்குள்ள பொகை போடப் போறாங்க. வவ்வா எல்லாத்தையும் ஒரேயடியா முடிக்கிறதாம். ஒங்க கடுதாசிய பிளாஸ்டிக் உறையில போட்டு சண்முகம் அண்ணே எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரியுறாரு. நீங்க சொல்லித்தானா?"

"எந்தக் கடுதாசி அக்கா?"

"போன வருசம் குடுத்தீங்களே, அதுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுமா மிஸ்? ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் இருக்குல்ல, அதுக்கு மட்டும் வயர் எட்டல. அங்க யாரும் தகரமும் தட்டல. போன வருசம் அது மட்டுந்தான் காய்ச்சிச்சு. நான் அப்பவே சண்முகம் அண்ணேகிட்ட சொன்னேன். ஒனக்கென்ன தெரியும், மிஸ்ஸே எழுதிக் குடுத்துட்டாங்கன்னுட்டாரு."

போனை வைத்த பிறகும் என் கை அதன் மேலேயே இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த சக உத்தியோகத்தர், பூச்சிகளைப் பற்றிய விசயங்களைக் கவனிப்பவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், என்னைவிட இரண்டு வயது இளையவர். முழுக்கதையையும் சொன்னேன்.

"நீங்க அந்த மரத்தடியில அந்தி நேரத்துல நின்னிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப அந்தக் கடிதத்த எழுதினது யாரு?"

சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார். நான்தான் எழுதினேன், ஆனால் சண்முகம் அண்ணன் சொன்னதைத்தான் எழுதினேன். அவர் சொன்னது என் முத்திரையோடு அவரிடமே திரும்பிப்போய், இப்போது அரசாங்கம் சொன்னதாக ஆகிவிட்டது. இந்த வட்டத்தை நன்றாகக் கவனியுங்கள். உங்கள் வேலையில் இது நூறு தடவை நடக்கும்.

மறுநாள் மதியமே பஸ் ஏறினேன். அந்தப் பஸ்ஸில் என்னிடம் இருந்தது என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஒரு மரம் காய்த்தது என்ற ஒரு செய்தி. அதுவும் கேள்விப்பட்டது. வௌவால்தான் தூரியனுக்கு மகரந்தம் கொண்டுபோகிறது என்று படித்த ஞாபகம் மங்கலாக இருந்தது. அந்தியில் அங்கே பெரிய அந்துப்பூச்சிகளும் வரும் என்று சண்முகம் அண்ணனே ஒருமுறை சொல்லியிருந்தார். ஒருவேளை வேலையைச் செய்வது அந்த அந்துப்பூச்சியாக இருந்தால்? வௌவால் உண்மையிலேயே நாசகாரனாக இருந்தால்? எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒரு கூட்டத்தை நிறுத்த வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது குகைவாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கவாத்து வெட்டிய தேயிலை மிளாறு மலைபோலக் குவிந்திருந்தது. மேலே பழைய டயர்கள். மண்ணெண்ணெய்க் கேன் ஒருவர் கையில். உள்ளேயிருந்து வௌவால்களின் கீச்சொலியும் நெடியும் வந்துகொண்டிருந்தன.

"வாங்க மிஸ்!" என்று சண்முகம் அண்ணன் முகம் மலர்ந்து கூப்பிட்டார். "நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு." அவர் கையில் என் கடிதம், பளபளவென்று உறைக்குள்.

சட்டம், பொலிஸ் என்று சொல்லி மிரட்டியிருக்கலாம். அன்றைக்கு நின்றிருக்கும். நான் பஸ் ஏறிய மறுநிமிசம் தீ வைத்திருப்பார்கள். ஆகவே நான் அந்த உறையை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"இந்தக் கடுதாசி பிழை. எழுதினது நான்தான். வவ்வா பூவைப் பிய்க்கிறத நான் கண்ணால பாக்கல. கேட்டத எழுதினேன். போன வருசம் நீங்க வவ்வாலத் தொரத்தினீங்க, காய் இல்ல. தொரத்தாத மரம் காய்ச்சிருக்கு. வவ்வாலாலதான் அது காய்ச்சிருக்கும்னு இப்ப நெனைக்கிறேன். அதையும் நான் இன்னும் பாக்கல."

 சண்முகம் அண்ணன் முகத்தில் இருந்த மலர்ச்சி மெதுவாக வடிந்தது.

"போன வருசம் காய்ச்சிருந்தா, எம் மக பதுளையில படிக்கப் போயிருப்பா மிஸ்," என்றார். "காய் இல்லன்னு ஒரு வருசம் வீட்ல இருந்தா. வவ்வா மேல நான் வச்சிருந்த கோவம் அதுதான். இப்ப நீங்க வந்து கடுதாசி பிழைன்னு சொல்றீங்க."

 விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மழை, காற்று, மரத்தின் வயது என்று என்னென்னவோ நாக்கின் நுனிவரை வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே, அந்த ஒரு நிமிசம் வாயை மூடி நின்றதுதான் என் வேலையில் நான் செய்த மிகக் கடினமான காரியம்.

"அப்ப இன்னைக்குச் சொல்றத மட்டும் எப்படி நம்புறது?" என்று அவரே கேட்டார்.

"நம்ப வேணாம் அண்ணே. நீங்களே பாருங்க. எனக்கு ரெண்டு மூணு வாரம் குடுங்க. பூவக் கட்டி வச்சுப் பாப்போம். நான் கட்டல, நீங்களே கட்டுங்க. நான் கட்டினா பொய் சொல்லலாம்ல? வவ்வாதான் நாசம்னு தெரிஞ்சா, நானே அதையும் எழுதித் தர்றேன்."

அவர் பாக்கியம் அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து மிளாறுக் கட்டு ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அடுப்புக்கு ஆகும் விறகு அது. இன்னொரு பெண் இன்னொரு கட்டை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் குகைவாசலில் டயர்கள் மட்டும் கிடந்தன.

மறுநாள் தொடங்கியது பாருங்கள் கொண்டாட்டம்! பதுளை பஜாரில் நான் சிறுவயதிலிருந்து சாமான் வாங்கும் கடை ஒன்று உண்டு. அங்கே போய் கொசு நுழையாத நுளம்பு வலைத் துணியும் அகலக் கண் மீன்வலையும் கேட்டேன். முதலாளி அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "லுணுகலை ஓடையில திமிங்கலமா புடிக்கப் போறீங்க?" என்றார். டோர்ச் லைட்டுக்குச் சுற்ற சிவப்புக் கண்ணாடித்தாளும் வாங்கினேன். சிவப்பு வெளிச்சத்தை வௌவாலும் பூச்சியும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

யோசனை மிக எளிது. தூரியன் பூ கொத்துக் கொத்தாகக் கிளையில் தொங்கும். சில கொத்துக்கு நுளம்பு வலை, எதுவுமே உள்ளே போகாது. சில கொத்துக்கு மூங்கில் வளையம் கட்டி அதன்மேல் மீன்வலை. அதற்குள் வௌவால் முகத்தை நீட்ட முடியாது, ஆனால் அந்துப்பூச்சி வெளியே நின்றபடியே நாக்கை விட்டுத் தேனைக் குடிக்கலாம். சில கொத்து திறந்தபடி, யாரும் வரலாம். மூன்றிலும் எது காய்க்கிறது என்று பார்த்தால் கதை தெரிந்துவிடும். சண்முகம் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்.

"அப்ப வலைதான் சாட்சி," என்றார்.

இரண்டு மரத்தில், ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு முடிச்சையும் அவரே போட்டார். முடிச்சுக்கு மேல் முடிச்சு. என்னைத் தொடக்கூட விடவில்லை.

அன்று மாலை நானும் அண்ணனும் பாக்கியம் அக்காவும் ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தோம். பூ மத்தியானத்துக்குப் பிறகே மெல்ல மெல்ல விரியத் தொடங்கியிருந்தது. வெயில் இறங்க இறங்கப் புளித்த பால் வாசனை காற்றில் ஏறியது. வருடக்கணக்காக இந்த மரங்களைப் பற்றி அறிக்கை எழுதியவள் நான். தூரியன் பூ விரிவதை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தேன்!

முதலில் வந்தது அந்துப்பூச்சி. இன்னும் வெளிச்சம் முழுக்கப் போகவில்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, பூவுக்கு முன்னால் காற்றில் அப்படியே நின்றது. சிறகு தெரியவில்லை, புகைமாதிரி ஒரு அதிர்வு மட்டும். சாம்பல் உடம்பு, இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புப் பட்டை. புத்தகத்தில் பருந்து அந்துப்பூச்சி என்று போட்டிருக்கும் இனம். சுருட்டி வைத்திருந்த நாக்கை அது நீட்டியபோது நான் பாக்கியம் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். உடம்பைவிட நீளமான நாக்கு! தூரத்தில் நின்றபடியே அதைப் பூவின் அடிவரை விட்டு உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்குப் போனது.

"பூவத் தொடவே இல்லயே மிஸ்," என்று பாக்கியம் அக்கா காதோடு சொன்னார்.

அதுதான்! மகரந்தம் பூவின் வெளிப்பக்கம் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பூச்சி எட்டி நின்று, நாக்கை மட்டும் விட்டு, உடம்பில் ஒரு தூள்கூடப் படாமல் குடித்துவிட்டுப் போகிறது. விருந்துக்கு வந்து வாசலில் நின்றபடியே நீளக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவனைப் போல.

இருள் இறங்கும்போது மரத்துக்கு மேல் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. இந்த வௌவால் இனம் நாக்கைச் சொடுக்கித்தான் குகை இருட்டில் வழி கண்டுபிடிக்கும். சண்முகம் அண்ணன் சிவப்பு வெளிச்சத்தை மெதுவாக உயர்த்தினார். தொப்பென்று ஒன்று கொத்தின் மேல் விழுந்தது. கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பிடித்துக்கொண்டு, நாய்க்குட்டி முகத்தைக் கோப்பைக்குள் விடுவது மாதிரிப் பூவுக்குள் முகத்தை முழுசாக விட்டது. எண்ணி மூன்று நொடி இருக்கும். முகத்தை எடுத்தபோது தாடை, கழுத்து, நெஞ்சு எல்லாம் மா பூசினதுபோல மகரந்தம்!

"யம்மாடி!" என்றார் சண்முகம் அண்ணன்.  "மிஸ், பூவப் பிய்க்கலயே! பிய்க்கலயே! அங்க போகுது பாருங்க, ஓடைக்கு அந்தப் பக்கம் போகுது!"

நெஞ்சில் மகரந்தத்தோடு அது அடுத்த மரத்தின் கொத்தில் போய் விழுந்தது. தூரியனுக்குப் பொதுவாக வேறு மரத்து மகரந்தம் வேண்டும், தன் மரத்தினுடையது அவ்வளவாக உதவாது. நாங்கள் மூவரும் எழுந்து நின்றுகொண்டு, வயதையே மறந்து, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தோம். நான் குறிப்புப் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. மறுநாள் பாறை இடுக்கில் பனியில் ஊறிக் கிடந்தது.

காலையில் போய்ப் பார்த்தோம். எல்லாக் கொத்திலும் இதழும் மகரந்தக் காம்பும் கொட்டிவிட்டிருந்தன. நுளம்பு வலைக்குள்ளும்! ஒரு எறும்புகூடப் போகாத வலையின் அடியில் வெள்ளை வெள்ளையாக இதழ். சண்முகம் அண்ணன் தான் போட்ட முடிச்சை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் அவிழவில்லை.

"இது தானா கொட்டுற பூ," என்றார்.  "நான் வவ்வா மேல பழி போட்டேன்."

"நாம போட்டோம் அண்ணே," என்றேன்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து நான் மேலே ஏறிப் போனபோது சண்முகம் அண்ணன் முதுகில் மருந்தடிக்கும் டாங்கியோடு நிற்கிறார். முகத்தில் புது உற்சாகம்.

"என்னண்ணே இது?"

"அந்தத் திருட்டுப் பூச்சிக்கு மிஸ். வவ்வா வர்றதுக்கு முன்னாடியே வந்து தேனக் குடிச்சிட்டுப் போகுது, வேலையும் செய்யல. தேன் இல்லன்னா வவ்வா வராதுல்ல? அதோட புழுதான் வத்தாளை எலையத் தின்னுது, பின்னால கொம்பு வச்ச பச்சப்புழு. ரெண்டு பக்கமும் கெடுதல். அடிச்சு முடிச்சிர்றேன்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நானும் ஒரு கணம் தலையாட்டப் பார்த்தேன். முதல் தப்பும் இப்படி ஒரு தலையாட்டலில்தான் தொடங்கியது. அந்தப் பூச்சியை நான் ஒரே ஒரு மரத்தில், ஒரே ஒரு மாலைதான் பார்த்திருக்கிறேன்.

"ஒரு அந்தி பொறுங்கண்ணே. மேல பப்பாசிக்குப் போவோம்."

அன்று அந்தியில் பாக்கியம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பப்பாசிப் பாத்தியில் நின்றோம். ஆண் பப்பாசியின் பூ உங்களுக்குத் தெரியும், வெள்ளையாக, மெல்லிய குழல். அதற்குள் வௌவாலின் முகம் எங்கே போகும்? விரல்நுனிகூடப் போகாது. பூவின் காம்பும் ஒரு வௌவாலின் பாரத்தைத் தாங்காது. நாங்கள் நின்ற அவ்வளவு நேரமும் ஒரு வௌவால்கூட அந்தப் பூவின் பக்கம் வரவில்லை. பொழுது மங்கியதும் அதே சாம்பல்நிறப் பூச்சி வந்தது. அதே நாக்கு. ஆனால் இங்கே தூரியனில் போல எட்டி நிற்கவில்லை. நாக்கு குழலுக்குள் இறங்க இறங்க, தலையும் பூவின் வாயில் போய் முட்டியது. ஒரு ஆண் மரம், இன்னொரு ஆண் மரம், பிறகு ஒரு பெண் மரம். பெண் பூவில் தேன் இல்லை, ஏமாந்து உடனே திரும்பியது. ஆனால் தலையில் கொண்டுவந்த மகரந்தம் அங்கே ஒட்டாமல் இருக்குமா?

"கீழ திருடன், மேல வேலைக்காரனா?" என்றார் சண்முகம் அண்ணன். முதுகிலிருந்த டாங்கியை இறக்கிக் கீழே வைத்தார்.

பாக்கியம் அக்கா மடியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். வத்தாளை கிண்டும்போது மண்ணுக்குள் கிடைத்த கூட்டுப்புழு. பழுப்பு நிறம், தலைப்பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையின் பிடிபோல ஒரு வளைவு.

"இது என்ன மிஸ்? கிழங்கோட கிழங்கா வருது. நான் இதுவரைக்கும் மிதிச்சுப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"அதுக்குள்ளதான் அக்கா அந்த நாக்கு வளருது."

அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாத்தி ஓரத்தில் குழி கிண்டி மறுபடி புதைத்தார். புழுவுக்கு மருந்து வேண்டாம், வத்தாளையில் கையால் பொறுக்கி எடுப்போம், பாதியை விட்டுவைப்போம் என்று அவர்கள் இருவருமே பேசி முடிவெடுத்தார்கள். 

இப்போது நீங்கள் கேட்கலாம்: வௌவால் உசத்தியா, அந்துப்பூச்சி உசத்தியா? என்னிடம் மேலதிகாரி ஒருவர் அப்படித்தான் கேட்டார், அறிக்கையில் ஒரு வரியில் எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. ஒன்று பாலூட்டி, ஒன்று பூச்சி. ஒன்று உட்கார்ந்து குடிக்கும், ஒன்று காற்றில் நின்று குடிக்கும். ஒன்று முகத்தைக் கொடுக்கும், ஒன்று நாக்கை மட்டும் கொடுக்கும். பூவைச் சொல்லாமல் இதில் யார் நல்லவன் என்று சொல்லவே முடியாது. எந்தப் பூ, எந்த நேரம், எங்கே தொடுகிறது என்று மூன்றையும் கேளுங்கள். உங்களிடம் வந்து, இந்த உயிர் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடமும் அதையே திருப்பிக் கேளுங்கள். நோய்ப் பயம் பற்றியும் கேட்பார்கள். கேட்பது சரிதான். குகைக்குள் போகாதீர்கள், வௌவாலைக் கையால் தொடாதீர்கள், அது கடித்துப்போட்ட பழத்தைத் தின்னாதீர்கள் என்று நான் சொன்னேன். அவ்வளவும் சொல்லவேண்டிய விசயம். அதற்கும் தீ வைப்பதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது.

வாரங்கள் நகர்ந்தன. ஒவ்வொரு வெள்ளியும் பஸ் ஏறினேன். உள்ளுக்குள் பயம் இருந்தது. கண்ணால் பார்த்தது வேறு, காய் பிடிப்பது வேறு. திறந்த கொத்துகளும் உதிர்ந்துவிட்டால் சண்முகம் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? மூன்றாவது வெள்ளி நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அவர் சந்தியில் நின்றார். என்னைக் கண்டதும் முன்னால் விறுவிறு என்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மரத்தடியில் ஏணி தயாராக இருந்தது. "ஏறுங்க," என்றார்.

ஏறினேன். திறந்த கொத்து ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனியளவு முள்முள்ளாகப் பிஞ்சு! ஒரு கொத்தில் நாலு, இன்னொன்றில் அஞ்சு. நுளம்பு வலைக்குள் காய்ந்த காம்பு மட்டும். நான் ஏணியிலேயே நின்று கத்திவிட்டேன். கீழே பாக்கியம் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். சண்முகம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அடுத்ததையும் பாருங்க மிஸ். மீன்வலை."

வரிசையாகப் பார்த்தேன். வெறுங்காம்பு, வெறுங்காம்பு. கடைசி வலைக்குள் இரண்டு பிஞ்சுகள் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்தன.

நான் கீழே இறங்கினேன். வௌவால் முகம் அந்த வலைக்குள் போயிருக்க முடியாது, வளையத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அப்படியானால் அந்துப்பூச்சியா? நாங்கள் பார்த்த மாலை தொடாமல் போனது, வேறொரு மாலை தொட்டிருக்குமோ? இல்லை விடியலில் மிச்சத் தேனுக்கு வந்த தேனீயா?

"இது யாரு வேலை மிஸ்?" என்றார் அவர். மூன்று வாரத்துக்கு முன் குகைவாசலில் பார்த்த அதே கூர்மை அவர் கண்ணில்.

"தெரியாதுண்ணே."

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏணியை எடுத்துத் தோளில் வைத்தார்.

"ஓடைக்கு அந்தப் பக்கத்து மரத்துல இன்னும் மொட்டு இருக்கு," என்றார். "மூங்கில் வெட்டி வச்சிட்டேன். வாங்க, வெயில் எறங்கறதுக்குள்ள கட்டிப்புடலாம்."